அம்பலம் ஏறிய சொல்

குருவிடம் கேள்வி கேட்க வருகிற சீடன் வாசலில் செருப்பைக் கழற்றுவான், குனிந்து வருவான். தொபியாஸ் அன்றைக்குக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்புறம் இருந்தது அந்த ஒற்றை அறை. எஸ்தர் டீச்சர் தரையில் உட்கார்ந்து, வயிறு திறந்து கிடந்த ஒரு வயர்லெஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சுவரில் மோதிய சத்தத்துக்குத் தலை நிமிர்த்தினார். பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, உட்கார இடம் காட்டினார்.

தொபியாஸ் உட்காரவில்லை.

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. தொபியாஸுக்கு ஐம்பத்து நான்கு. இழுவலை இழுத்து இழுத்து வலது தோள் கழன்றுபோன பிறகு, வள்ளக்காரர் சங்கம் அவரை வயர்லெஸ் அறையில் உட்கார வைத்தது. கடலில் இருக்கிற சின்ன வள்ளங்கள் கூப்பிட்டால் கேட்டு, கரையில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டியை நம்பி உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. கப்பல் வயர்லெஸ் படித்துவிட்டு வந்து ஊரில் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்த எஸ்தரைத் தேடிப் போனார். மூன்று வருடமாகப் புதன்கிழமை தோறும் போனார். தொபியாஸ் பள்ளிக்கூடம் போகிறார், மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டா என்று துறையில் கேலி பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் டீச்சர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. கடலலைக்குத் தண்ணீர் வேண்டும். பேச்சுக்குக் காற்று வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். இங்கே ஒரு கம்பிக்குள் மின்சாரத்தை ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஆட்டினால், அந்த ஆட்டம் வெளியே கிளம்பிப் போகும். போகிற வழியில் எந்தக் கம்பியைத் தொட்டாலும் அதற்குள்ளும் அதே ஆட்டம் ஆடும். டீக்கடையில் பாடும் எஃப்எம், சட்டைப்பையில் இருக்கும் போன், வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டு வழி சொல்லும் ஜிபிஎஸ், எல்லாம் அதே அலைதான். ஆட்டத்தின் வேகம்தான் வேறு. அன்று மாலை கோவிலில் சாமியார் கையில் வயரில்லாத மைக்கைப் பார்த்தபோது தொபியாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், நம்ம பெட்டியோட சக்தியைக் கூட்டுறதுக்கு ஒரு சாமான் நீங்க வச்சிருக்கிய. அது எனக்கு வேணும்."

"எதுக்கு?"

தொபியாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சைக்கிள் டியூபை எடுத்துக் காட்டினார். மைக்கின் பொத்தானை அழுத்தி, மேலே இதைச் சுற்றிக் கட்டிவிடப் போவதாகச் சொன்னார். பொத்தான் அழுந்திக் கிடக்கிறவரை, யாரும் ஒன்றும் பேசாவிட்டாலும், பெட்டி வெறும் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையில் சங்கம் நட்டிருக்கும் ஏரியல் கம்பம் நாற்பது அடி உயரம். அதன் அலைக்கு முன்னால் பதினாறாம் சேனலில் வேறு எவன் குரலும் எடுபடாது.

"இப்பலேருந்து சாயங்காலம் வரை கட்டிப்போடுவேன். விசைப்படகுக்காரன் ஒவ்வொருத்தனும் தொண்டத்தண்ணி வத்தக் கத்தட்டும். கேக்க ஆளில்லாமக் கத்துறதுன்னா என்னன்னு ஒரு நாளாவது தெரியட்டும்."

டியூப் துண்டை டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நடந்தது ஊருக்கே தெரியும். ஒன்பது நாளைக்கு முன், அன்று காற்று எச்சரிக்கை. விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஸ்தனிஸும் அவன் அண்ணன் கபிரியேலும் வள்ளத்தில் கிளம்பிப் போயிருந்தார்கள். பிற்பகலில் ஏழு மைல் தூரத்தில் இஞ்சின் நின்றது. வள்ளத்தில் தண்ணீர் ஏறியது. ஸ்தனிஸ் வயர்லெஸ் கைப்பெட்டியை எடுத்துப் பதினாறில் கூப்பிட்டான். பதினாறாம் சேனல் ஆபத்துக்குக் கூப்பிடுவதற்கென்றே உள்ளது. மற்றப் பேச்சு அதில் பேசக்கூடாது என்பது சட்டம். பெட்டிக்குள் தண்ணீர் போகிறவரை, முக்கால் மணி நேரம் கூப்பிட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் வேற்றூர் வள்ளக்காரர்கள் அவனை எண்ணெய்க் கேனோடு சேர்த்துத் தூக்கினார்கள். கபிரியேல் கிடைக்கவில்லை.

அந்த முக்கால் மணி நேரமும் பதினாறாம் சேனலில் விசைப்படகுக்காரர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொபியாஸ் துறைமுகத்துக்குப் போய், அந்த அரட்டையில் முன்னால் நின்ற ரூபனின் விசைப்படகு முன்னால் நின்று கேட்டுவிட்டார். ஒரு உயிர் போயிருக்கிறதே, உனக்கு உறைக்கவில்லையா என்று கேட்டார். ரூபன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டார்களா? கடைசியில் ஒன்று சேர்த்தான்.

"எங்களுக்குக் கேக்கல, சரி. கேக்குறதுக்குன்னே உக்கார வச்ச ஆளு நீரு. ஒமக்குக் கேட்டுச்சா?"

பக்கத்துப் படகில் யாரோ சிரித்தார்கள். தொபியாஸ் திரும்பி நடந்தார். அங்கிருந்து நேராக வந்ததுதான் இந்த அறை.

டீச்சர் டியூப் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அவரிடமே கொடுத்தார். கூடாது என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை.

"இன்னைக்கு வள்ளம் எதுவும் கடல்ல இல்லையா அண்ணே?"

"இல்ல. கபிரியேலுக்கு இன்னைக்கு ஒன்பதாம் நாள் பூசை. ஒரு வள்ளமும் எறங்கல. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இந்த நாளைப் பிடிச்சிருக்கேன்."

"சாமான் கேட்டிய. சரி. கேள்வி ஒண்ணும் இல்லையா?"

தொபியாஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்ததை எடுத்தார்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு எங்கப்பன் சொல்லுவான். அது மனுசன் கட்டுன அம்பலம். அதுல வலுத்தவன்தான் பேசுவான், பொறுத்துக்கிடலாம். ஆகாசத்துலயும் அப்படித்தானா டீச்சர்? விசைப்படகுப் பெட்டியோட இருவத்தஞ்சு வாட்ஸ் அலை கைப்பெட்டியோட அஞ்சு வாட்ஸ் அலையை விழுங்கிருமா? கடவுள் உண்டாக்குன ஒண்ணுலயும் நியாயம் கிடையாதா?"

டீச்சர் யோசித்தார்.

"விசைப்படகு ஒண்ணு போகுது. அதுக்குக் குறுக்க ஒரு வள்ளம் போகுது. ரெண்டுக்கும் பின்னால அலை வருது. ரெண்டு அலையும் வெட்டிக்கிட்டா, சின்ன அலை செத்துப்போகுமா?"

இதைக் கேட்க ஒரு டீச்சர் வேண்டுமா என்று தோன்றியது தொபியாஸுக்கு. முப்பது வருடம் அவர் வேறு எதைப் பார்த்தார்?

"சாகாது. பெருசுக்கு ஊடால பூந்து அந்தப் பக்கம் போயிரும். கரையில வந்து அதும்பாட்டுக்குத் தட்டும்."

"இந்த அலையும் அப்படித்தான். அலை அலையை விழுங்காது."

அந்தச் சொல்லின் மறுபக்கம் மெல்லத் தொபியாஸுக்குள் திரும்பியது.

"அப்ப ஸ்தனிஸ் குரல்..."

"உங்க கம்பம் வரைக்கும் வந்துச்சு அண்ணே. கம்பியில ஆடுச்சு. பெட்டிக்குள்ளயும் வந்துச்சு."

வெளியே ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடி நின்றது. தொபியாஸுக்கு அது கேட்கவே இல்லை.

ஏழு மைல் தாண்டி, காற்றையும் அலையையும் தாண்டி, அந்தக் குரல் வந்து அவர் கைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருக்கிறது. அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பிறகு எங்க போச்சு?" என்று கேட்டார்.

டீச்சர் பக்கத்தில் கிடந்த பெட்டியின் திறந்த வயிற்றைக் காட்டினார். இந்த வகைப் பெட்டி ஒரே நேரத்தில் இரண்டு குரல் வந்தால் இரண்டையும் கலந்து தராது. எது பெரிதாக வருகிறதோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். சின்னதை அப்படியே விட்டுவிடும். கரகரப்புக்கூட இருக்காது. பெரியவன் பேச்சு சுத்தமாக, தெளிவாகக் கேட்கும். இன்னொருவன் பேசினான் என்பதற்குத் தடயமே இருக்காது.

"கலந்து வந்திருந்தாக்கூட ஏதோ கேக்குதேன்னு காதைக் கொடுத்திருப்பேனே."

"ஆமா."

"அப்ப ஏழை சொல் அம்பலம் ஏறத்தான் செஞ்சிருக்கு."

"ஏறிச்சு அண்ணே. அம்பலத்துக் காதுக்குத்தான் ஏறல."

தொபியாஸ் எழுந்தார். அறைக்குள் நாலு எட்டு நடந்தால் சுவர். நடந்தார், திரும்பினார். கோபம் போகவில்லை. யார் மேல் போட்டு உடைப்பது என்று தெரியாமல், தலையில் சுமந்த பானையைப் போல அதை வைத்துக்கொண்டு நின்றார். அலை மேல் போட முடியாது என்றாகிவிட்டது. ரூபன் இருக்கிறான். அவன் செய்தது தப்பில்லையா?

"தப்புதான். நானும் மூணு வருசமாச் சொல்லுதேன். இன்னும் சொல்லத்தான் போறேன். அது வேற" என்றார் டீச்சர். "நம்ம கம்பம் எங்க நிக்கி?"

"துறைமுகத்துல. ரூபன் படகு கட்டுற இடத்துக்கு நேர் மேல."

"அங்க யாரு நடச் சொன்னா?"

தொபியாஸ் டியூப் துண்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் சங்கத்தில் பேச்சு வந்தது. கப்பல்பாறைக்குத் தெற்கே, வள்ளங்கள் இறங்கும் துறையில் நடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொபியாஸ் இரண்டு இடத்திலும் போய் நின்று பார்த்தார். பாறைக்குத் தெற்கே பெட்டி இரைந்தது, குரல்கள் மெலிந்து வந்தன. துறைமுகத்தில் மணி அடித்தது போலக் கேட்டது. இதை விட்டுவிட்டு அங்கே போய் எவனாவது நடுவானா என்று வாதாடி ஜெயித்தார். கம்பம் நட்ட அன்று கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

"அங்கதான் நல்லாக் கேட்டுச்சு" என்றார் மெதுவாக.

"யாரு குரல் நல்லாக் கேட்டுச்சு?"

அன்று கேட்டதெல்லாம் பக்கத்தில் கட்டிக் கிடந்த விசைப்படகுகளின் குரல். தொபியாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்தப் பிற்பகலில் ரூபன், கோவில் உபதேசியார் குரலில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தான். இன்று மாலை ஐந்தரைக்கு ஜெபமாலை, அதைத் தொடர்ந்து மீன்குழம்பு, குழம்பில் மீன் இல்லாதவர்கள் அழுதுகொண்டே கலைந்து செல்லவும். உபதேசியாரின் இருமலைக்கூட விடவில்லை.

"சிரிச்சுட்டேன் டீச்சர். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கூட வச்சேன். ஸ்தனிஸ் கூப்பிட்டுக்கிட்டு இருந்தது அந்த நேரந்தான்."

டீச்சர் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு கைப்பெட்டியை எடுத்துப் பதினாறில் வைத்து அவர் கையில் கொடுத்தார். வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

துறைமுகம் வழியாகப் போனார்கள். விசைப்படகுகள் சில கடலுக்குப் போயிருந்தன. பாதிக்கு மேல் கட்டிக் கிடந்தன. படகுத் தட்டில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். மறு நொடி தொபியாஸின் கையிலிருந்த பெட்டி பேசியது.

"எல்லாரும் கவனிக்கவும். வாத்திச்சி முன்னால, சீடப்பிள்ளை பின்னால. இன்னைக்கு வெளியூர்ப் பாடம் போல. சிலேட்டு எடுத்தாச்சா?"

ரூபன்தான். ஒரு சின்னக் கரகரப்பும் இல்லை. காதோடு வாய் வைத்துப் பேசியது போல இருந்தது. இன்னொரு படகிலிருந்து ஒருவன், சிலேட்டு உண்டு, ஆனால் காதுதான் வீட்டில் மறந்து வைத்துவிட்டார் என்றான்.

பெட்டியின் பொத்தான் மேல் தொபியாஸின் கட்டைவிரல் போனது. ஒன்பது நாளாக வாய்க்குள் உருட்டிய வசவெல்லாம் வரிசை கட்டி நின்றது.

"நடங்க அண்ணே" என்றார் டீச்சர்.

விரலை எடுத்தார். நடந்தார். கடலுக்குள் நீண்ட துறைமுகப் பாலத்தின் முனையில் நின்று டீச்சர் கடலைக் காட்டினார். அரை மைல் தூரத்தில் ஒரு வள்ளம் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு ஆள். தொபியாஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. பூசை நாளில் கடலில் இறங்கியிருக்கிறானே, எந்தப் பாவி என்று முணுமுணுத்தார்.

"ஏதாவது கேக்குதா?"

"கேக்காம என்ன? இவனுவ கூத்துதான்."

"வேற?"

தொபியாஸ் பெட்டியைக் காதில் வைத்தார். ரூபன் பாடிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தினால் இன்னொருவன் பிடித்துக்கொண்டான். வேறு ஒன்றும் இல்லை.

மணலில் இறங்கித் தெற்கே நடந்தார்கள். கப்பல்பாறை துறைமுகத்துக்கும் வள்ளத்துறைக்கும் நடுவே, கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் கரும்பாறை. இரண்டு தென்னை உயரம் இருக்கும். பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதையில் டீச்சர் முன்னால் போனார். விசைப்படகுகளின் முகப்பு முதலில் மறைந்தது. பிறகு சங்கத்துக் கம்பம் மறைந்தது. பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பாறையின் முதுகுப் பக்கம் கால் வைத்ததும், பாட்டு ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது.

அறுந்த இடத்தில் வேறொரு குரல் இருந்தது. அது அப்போதுதான் தொடங்கியது போல இல்லை. எப்போதிருந்தோ பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவில் கதவு திறந்தது போல இருந்தது.

"...ண்ணே. தொபியாஸண்ணே. நான் ஸ்தனிஸ் பேசுதேன். தொபியாஸண்ணே, கேக்குதா?"

தொபியாஸ் நின்றுவிட்டார்.

கடலைப் பார்த்தார். அதே வள்ளம். பாலத்திலிருந்து பார்த்த அதே ஆள். பாறையைத் தாண்டி வந்திருந்தது இவர்கள்தான்.

"எப்பலேருந்து?" என்றார்.

"காலையில ஒன்பது மணிலேருந்து" என்றார் டீச்சர். முந்தின நாள் அவன் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். கரைக்கு வந்த அன்று நடந்ததைச் சொன்னதோடு சரி, அதன் பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை. கம்பத்தை எங்கே நட வேண்டும் என்று கண்டுபிடிக்க, கடலில் ஒருவர் போய் நின்று கூப்பிட வேண்டும் என்று மட்டும் டீச்சர் சொன்னார். நான் போகிறேன் என்று அவனே எழுந்தான். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெட்டி மறுபடி பேசியது.

"தொபியாஸண்ணே, கேக்குதா?"

"அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்டானா? என் பேரைச் சொல்லியா?"

"அன்னைக்கும் இதேதான். வேற பேரு எதுவும் சொல்லலன்னு நேத்து அவரே சொன்னாரு."

தொபியாஸ் மணலில் உட்கார்ந்தார். பெட்டி மடியில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் ரூபன் இன்னும் பாடிக்கொண்டிருப்பான். இந்தப் பக்கத்தில் அது இல்லவே இல்லை. சற்று முன்பு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தால் இந்தக் குரல் என்னவாகியிருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பை முழுதாக நினைக்க முடியவில்லை. நெஞ்சில் அறைந்துகொண்டார்.

கோபம் இப்போது நாலு திசையிலும் போய்த் திரும்பி வந்தது. சட்டத்தை மதிக்காதவன் மேல் போனது. வலுத்ததை மட்டும் பிடிக்கும்படி பெட்டியைச் செய்தவன் மேல் போனது. மிட்டாய் கொடுத்துக் கொண்டாடின தன் மேல் வந்து விழுந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கபிரியேலின் பெண்சாதி இன்று காலைப் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி இவரைப் பார்த்தாள். அவளிடம் போய் எதைச் சொல்வது? பெட்டி பிடிக்கவில்லை என்றா? சிரித்துக்கொண்டிருந்தேன் என்றா?

"ரூபன் குத்தமா? என் குத்தமா? அந்தப் பெட்டியோட குத்தமா?" என்று கேட்டார். "ஒரு உயிரு போச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது டீச்சர்?"

டீச்சர் கடலைப் பார்த்தார்.

"அண்ணே, ஸ்தனிஸ் இன்னும் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காரு."